மகன் மேடையில் பேசினார், அம்மா ஆர்கன் வாசித்தார்: மார்ட்டின் லூதர் கிங்கின் தாய் ஆல்பர்ட்டா கிங் யார்?

1974 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணம், அட்லாண்டா நகரில் உள்ள எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சில் காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பரமண்டல ஜெபத்தின் இசையை ஆர்கனில் வாசித்துக்கொண்டிருந்தார், எழுபதை ஒட்டிய வயதுள்ள ஒரு பெண்மணி. சபையினர் தலை குனிந்திருந்தார்கள். முன்வரிசையில், ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் திடீரென எழுந்து துப்பாக்கியால் சுடத் தொடங்கினார்.

அந்தப் பெண்மணி அன்றே இறந்துபோனார். பெயர் ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங். மறுநாள் உலகம் முழுக்கச் செய்தி ஒரே மாதிரிதான் போனது: மார்ட்டின் லூதர் கிங் ஜூனியரின் தாய் சுட்டுக்கொலை.

செய்தியில் தவறில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் பாதிதான் அதில் இருந்தது. 1932-லிருந்து 1972 வரை, 40 ஆண்டுகள், அந்த ஆலயத்தின் ஆர்கன் பொறுப்பு அவருடையது. பாடகர் குழுவைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். அப்பா பாஸ்டர், கணவர் பாஸ்டர், இரண்டு மகன்களும் பாஸ்டர்கள். வீட்டில் இருந்த ஆண்கள் எல்லாரும் மேடையில் நின்று பேசியவர்கள். ஆல்பர்ட்டா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த இடம் ரொம்பக் குறைவு.

யார் இந்த ஆல்பர்ட்டா? சிவில் உரிமைப் போராட்டத்தில் ஒரு சர்ச் ஆர்கனிஸ்ட்டுக்கு என்ன பங்கு? பார்க்கலாம்.

13 பேர் இருந்த சபை

ஆல்பர்ட்டாவின் அப்பா ஆடம் டேனியல் வில்லியம்ஸ். 1894-ல் எபனேசர் சபைக்குப் போதகராக வந்தபோது அங்கே இருந்தவர்கள் வெறும் 13 பேர். அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறைகூட முழுதாக முடியாத காலம் அது. வில்லியம்ஸ் அந்தச் சிறிய சபையை நூற்றுக்கணக்கானோர் வரும் சபையாக வளர்த்தார்.

அவருடைய வேலை ஆலயத்தோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் அட்லாண்டா கிளைக்குத் தலைமை வகித்தார். நகரத்தில் கறுப்பின மாணவர்களுக்கென ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிகூட இல்லையே என்று குரல் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் போராட்டத்தின் பலனாக 1924-ல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது.

இதில் ஒரு சின்ன சோகம் உண்டு. அப்பா போராடி வாங்கிய அந்தப் பள்ளியில் மகள் படிக்க முடியவில்லை. பள்ளி திறப்பதற்குள் ஆல்பர்ட்டா வளர்ந்துவிட்டார். அவர் உயர்நிலைக் கல்வி படித்தது, கறுப்பினப் பெண்களுக்காக நடத்தப்பட்ட ஸ்பெல்மன் செமினரியில். அவருடைய அம்மா ஜென்னியும் அங்கே படித்தவர்தான்.

1909-ல் வில்லியம்ஸ் குடும்பம் ஆபர்ன் அவென்யூவில் 501-ம் எண் வீட்டை 3,500 டாலருக்கு வாங்கியது. மாடி வீடு. கறுப்பின வணிகர்களின் கடைகளும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இருந்த தெரு அது. எபனேசர் சர்ச்சும் அதே தெருவில், நடந்தே போகிற தூரத்தில். ஆல்பர்ட்டாவின் வாழ்க்கை பெரும்பாலும் இந்த ஒரு தெருவுக்குள்ளேயே நடந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்தது அந்த வீட்டில்தான்.

பயன்படாமல் போன சான்றிதழ்

ஆல்பர்ட்டா ஆசிரியராக விரும்பினார். விர்ஜீனியா மாகாணத்தின் ஹாம்ப்டன் நிறுவனத்தில் படித்து 1924-ல் ஆசிரியர் சான்றிதழ் பெற்றார். ஊர் திரும்பிக் கொஞ்ச காலம் பாடமும் நடத்தினார்.

இடையில் வாழ்க்கையில் ஒருவர் வந்தார். மைக்கேல் கிங். பின்னாளில் பெயரை மார்ட்டின் லூதர் கிங் என்று மாற்றிக்கொண்டவர். கிராமத்துக் குத்தகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பிரசங்கம் செய்யத் தெரியும், ஆனால் பள்ளிப் படிப்பு குறைவு. அவருடைய அக்கா ஒருவர் வில்லியம்ஸ் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தார். அப்படித்தான் பழக்கம். பாஸ்டர் வீட்டுப் படித்த பெண்ணுக்கும் கிராமத்து இளைஞருக்கும் சில ஆண்டுகள் பழகிய பிறகு, 1926 நவம்பர் 25 அன்று எபனேசர் சர்ச்சிலேயே திருமணம் நடந்தது.

திருமணத்தோடு ஆசிரியர் வேலை முடிந்தது. ஆல்பர்ட்டா தானாக விட்டதில்லை. திருமணமான பெண்கள் ஆசிரியராக இருக்கக் கூடாது என்பது அன்றைய அட்லாண்டா கல்வி வாரியத்தின் விதி. இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய சான்றிதழ் இனி வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும்தான்.

ஆனாலும் படிப்பை அவர் விடவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு, மோரிஸ் பிரவுன் கல்லூரியில் சேர்ந்து 1938-ல் இளங்கலைப் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கும்போது மூத்த மகள் கிறிஸ்டினுக்குப் பத்து வயது. மார்ட்டினுக்கு ஒன்பது. கடைக்குட்டி ஆல்ஃபிரட் டேனியலுக்கு, எல்லாரும் ஏ.டி. என்று கூப்பிடும் பிள்ளைக்கு, எட்டு நடந்துகொண்டிருந்தது.

வகுப்பறை கிடைக்காத ஆசிரியருக்குக் கிடைத்த இடம்தான் ஆர்கன் இருக்கை.

ஆர்கன் வாசிப்பது என்றால் என்ன வேலை?

பாட்டுக்குப் பின்னணி இசை கொடுப்பதுதானே, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் அது அவ்வளவு சின்ன வேலை கிடையாது.

ஆராதனை தொடங்கும் முன்பே ஆர்கன் ஒலிக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, என்ன வேகம் என்பதை முதல் சில ஸ்வரங்களில் சபைக்குத் தெரிவிப்பவர் ஆர்கனிஸ்ட்தான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில் பாடும்போது வேகம் தடுமாறாமல் பிடித்து நிறுத்துவது அவர் பொறுப்பு. காணிக்கை எடுக்கும்போது ஓர் இசை. யாராவது முன்வந்து சபையில் சேரும்போது ஓர் இசை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாவற்றுக்கும் அவர் வர வேண்டும். போதகரின் குரல் ஏறும்போது எங்கே கை வைக்க வேண்டும், எங்கே அமைதியாக இருக்க வேண்டும் என்ற கணக்கு வேறு.

இதோடு பாடகர் குழு. வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் சமையல்காரர்களையும் துணி வெளுப்பவர்களையும் ஆசிரியர்களையும் ஒரே குழுவாக நிறுத்தி, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரல் பிரித்துப் பழக்க வேண்டும். ஆசிரியராகப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு இது நன்றாகவே கைவந்தது.

1931-ல் அப்பா வில்லியம்ஸ் காலமானார். மருமகன் கிங் சபைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே ஆல்பர்ட்டா ஆர்கன் முன் அமர்ந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் மோசமான காலம். சபையின் நிதி நிலைமை ஆட்டம் கண்டிருந்தது. கணவர் சபையைத் திரட்டி, நிதி திரட்டி அதை மீட்டார். ஒவ்வொரு ஞாயிறும் வந்த மக்களைப் பாட வைத்து உட்கார வைத்தவர் ஆல்பர்ட்டா. கணவரைச் சபையினர் டாடி கிங் என்றார்கள். அவருக்கு மாமா கிங் என்று பெயர். அங்கே மாமா என்றால் அம்மா.

எபனேசருக்கு வெளியிலும் அவர் பெயர் தெரிந்திருந்தது. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளின் தேசியக் கூட்டமைப்பான நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷனின் மகளிர் பிரிவுக்கு 1950 முதல் 1962 வரை அவர்தான் ஆர்கனிஸ்ட். ஒய்.டபிள்யூ.சி.ஏ., என்.ஏ.ஏ.சி.பி., அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான சர்வதேச மகளிர் சங்கம் ஆகியவற்றிலும் செயல்பட்டார்.

கூடத்து பியானோவும் ஆறு வயதுக் கேள்வியும்

வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. பிள்ளைகள் மூவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வீட்டு விதி. ஆனால் ஆண் பிள்ளைகள் இருவருக்கும் பியானோ வகுப்பு என்றால் வேப்பங்காய். பியானோ ஆசிரியர் உட்காரும் இருக்கையின் கால்களை இருவரும் தளர்த்தி வைத்து, அவர் விழுந்த கதையை அக்கா கிறிஸ்டின் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பியானோவில்தான் ஆர்வம் இல்லையே தவிர, மார்ட்டினுக்குப் பாட்டு பிடிக்கும். சின்ன வயதிலேயே சபைக் கூட்டங்களில் பாடுவார். பக்கத்தில் அம்மா வாசிப்பார். பின்னாளில் லட்சக்கணக்கானோர் கேட்ட அந்தக் குரல் முதன்முதலில் ஒரு கூட்டத்தின் முன் நின்றது, அம்மாவின் இசையைப் பிடித்துக்கொண்டுதான்.

மார்ட்டினுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு சம்பவம். எதிர்க் கடைக்காரரின் மகன் அவருக்கு விளையாட்டுத் தோழன். வெள்ளைக்காரப் பையன். பள்ளி செல்லும் வயது வந்ததும் இருவரும் தனித்தனிப் பள்ளிக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பையனின் அப்பா, இனிமேல் மார்ட்டினோடு விளையாடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். காரணம் புரியாமல் பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

ஆல்பர்ட்டா மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அடிமைமுறை எப்படி வந்தது, உள்நாட்டுப் போர் எப்படி நடந்தது, பள்ளியிலும் உணவகத்திலும் தண்ணீர்க் குழாயிலும் ஏன் தனித்தனிப் பலகை தொங்குகிறது என்று. இது மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடு, இயற்கையின் ஏற்பாடு இல்லை என்றார். நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்பதை மறக்காதே என்றும் சொல்லி அனுப்பினார். மார்ட்டின் பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதும்போதெல்லாம் இந்த உரையாடலுக்குத் திரும்பினார். அம்மாவை மென்மையாகப் பேசுபவர், பின்னணியில் இருந்தபடி குடும்பத்தைத் தாங்குபவர் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1939: சங்கடமான ஒரு மேடை

ஆல்பர்ட்டாவின் இசை வாழ்க்கையில் மறைக்க வேண்டிய பக்கமா, மறக்கக் கூடாத பக்கமா என்று யோசிக்க வைக்கும் ஒரு நாள் உண்டு.

1939 டிசம்பர். கான் வித் த விண்ட் படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில். ஹாலிவுட் நட்சத்திரங்கள் பலர் ஊருக்கு வந்துவிட்டார்கள். படத்தில் மேமி என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் வரவில்லை. ஜார்ஜியாவின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின்படி, கறுப்பின நடிகர்கள் சக நடிகர்களோடு அந்த அரங்கில் உட்கார முடியாது. அதே பாத்திரத்துக்காகச் சில வாரங்களில் அவர் ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்.

முதல் காட்சிக்கு முந்தைய நாள், டிசம்பர் 14 அன்று, வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு நடன விருந்து. அதில் பாட எபனேசர் பாடகர் குழுவை அழைத்திருந்தார்கள். பழைய தோட்ட மாளிகை போன்ற அரங்க அமைப்பு. அடிமைகளைப் போன்ற உடை. அந்த உடையில் நின்று, அடிமைக் காலத்தில் பிறந்த பக்திப் பாடல்களான ஸ்பிரிச்சுவல்ஸைக் குழு பாடியது. நடத்தியவர் ஆல்பர்ட்டா. அந்தக் குழுவோடு பத்து வயது மார்ட்டினும் அதே போன்ற உடையில் உட்கார்ந்திருந்தார்.

கறுப்பின சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. வெள்ளையர் மட்டுமே விருந்தாளிகளாக இருக்கும் நடன விருந்துக்குச் சபையின் குழுவை அனுப்பலாமா என்று பாப்டிஸ்ட் போதகர்கள் சங்கம் கிங் சீனியரைக் கண்டித்தது.

இன்றைக்குப் படிக்கும்போது நமக்கும் கோபம் வரலாம். ஆனால் அன்றைய நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அரங்குக்குள் ஒரு கறுப்பினக் குழு நுழைய இருந்த வழி அது ஒன்றுதான்: பாட்டுப் பாட, அதுவும் அந்த உடையில். திறமையைக் கேட்கத் தயாராக இருந்தவர்கள், அந்தத் திறமைசாலிகளோடு ஒரே மேசையில் உட்காரத் தயாராக இல்லை. தாத்தா பாட்டியின் துயரத்தில் பிறந்த பாடல்களை, அந்தத் துயரத்தை அழகான பழங்காலமாக நினைத்துக் கொண்டாடியவர்களின் முன் பாட வேண்டியிருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் பேசப்போகும் மனிதர், பத்து வயதில் அந்த மேடையில் இருந்தார்.

பாட்டே போராட்டமானபோது

1955 டிசம்பரில் மான்ட்கமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ரோசா பார்க்ஸ் கைதானதை அடுத்து 381 நாள் நடந்த போராட்டம். 26 வயது மார்ட்டின் அதன் தலைவரானார். அப்போது அவர் அந்த ஊரின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சர்ச்சில் போதகர்.

போராட்டக் கூட்டங்கள் எங்கே நடந்தன? சர்ச்சுகளில். கறுப்பின மக்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடக் கிடைத்த பெரிய கட்டடம் அதுதான். கூட்டம் எப்படித் தொடங்கும்? பாட்டு, ஜெபம், அப்புறம்தான் பேச்சு. ஞாயிறு ஆராதனையின் அதே வரிசை. கைதுக்கும் அடிக்கும் பயந்து வந்தவர்கள் முதல் பாட்டில் பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டார்கள். தனி ஆளாக வந்தவர் கூட்டமாக மாறினார். 1961-ல் ஜார்ஜியாவின் அல்பனி நகரில் போராட்டம் வெடித்தபோது, பாடும் இயக்கம் என்றே அதற்குப் பெயர் வரும் அளவுக்குப் பாட்டு முன்னால் நின்றது.

இந்தப் பாடல்களை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மெட்டு ஏற்கனவே மக்களுக்குத் தெரியும். பல பாடல்களில் சொற்களை மட்டும் கொஞ்சம் மாற்றினார்கள். ஒவ்வொரு சபையிலும் பல ஆண்டுகளாக வாராவாரம் மக்களைச் சேர்ந்து பாடப் பழக்கி வைத்திருந்தவர்கள் யார்? அந்தந்த ஊர்ப் பாடகர் குழுத் தலைவர்களும் பியானோ, ஆர்கன் வாசித்தவர்களும். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். ஊர்வலப் படங்களில் முன்வரிசையில் அவர்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஊர்வலம் பாடிக்கொண்டு போகிறதே, அது அவர்கள் கைவேலை. ஆல்பர்ட்டா அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவர்.

போராட்டத்தின் விலையையும் அவர் கொடுத்தார். 1956 ஜனவரி 30 இரவு மான்ட்கமரியில் மகன் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த மருமகள் கொரெட்டாவும் பச்சைக் குழந்தையும் தப்பினார்கள். அந்தக் கவலையில் ஆல்பர்ட்டாவின் உடல்நிலை கெட்டுப்போனதை மார்ட்டின் எழுதியிருக்கிறார். அட்லாண்டாவுக்கே திரும்பி வந்துவிடு என்று அப்பா வற்புறுத்தினார். மகன் கேட்கவில்லை.

1960-ல் மார்ட்டின் அட்லாண்டாவுக்குத் திரும்பி எபனேசரில் அப்பாவோடு இணைப் போதகரானார். இப்போது ஒரே ஆலயத்தில் கணவர், மகன், ஆர்கன் முன் அம்மா. அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டா டிபார்ட்மென்ட் ஸ்டோர் போராட்டத்தில் மகன் கைதானார். 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் இளைய மகன் ஏ.டி.யின் வீட்டில் குண்டு வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று அந்த ஊரின் 16-ம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஞாயிறு ஆராதனையும் பாதுகாப்பானது இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. 1964 டிசம்பரில் ஆஸ்லோவில் மகன் நோபல் அமைதிப் பரிசு வாங்கியபோது, ஆல்பர்ட்டாவும் கணவரும் அங்கே இருந்தார்கள்.

கடைசித் தொலைபேசி, கடைசிப் பாட்டு

1968 ஏப்ரல் 4. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மார்ட்டின் மெம்பிஸ் நகரில் தங்கியிருந்தார். தம்பி ஏ.டி.யும் அங்கே வந்திருந்தார். அன்று பிற்பகல் லொரெய்ன் மோட்டலிலிருந்து இருவரும் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். பிள்ளைகள் இருவரும் ஒன்றாக இருப்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்கு மோட்டல் பால்கனியில் நின்ற மார்ட்டின், கீழே நின்ற இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் ஒரு கோரிக்கை வைத்தார். இரவுக் கூட்டத்தில் டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட் என்ற பாடலை வாசிக்க வேண்டும், நன்றாக வாசிக்க வேண்டும் என்று. சில நொடிகளில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆர்கனிஸ்ட்டின் மகன் கடைசியாகக் கேட்டது ஒரு பாட்டு.

ஏப்ரல் 9 அன்று எபனேசரில் அடக்க ஆராதனை. இரண்டு மாதம் முன்பு மார்ட்டின் அதே ஆலயத்தில் செய்த பிரசங்கத்தின் ஒலிப்பதிவைச் சபையில் ஒலிக்கவிட்டார்கள். எத்தனையோ குடும்பங்களின் துக்கத்துக்கு அதே இடத்தில் வாசித்த ஆல்பர்ட்டா, அன்று பெற்ற தாயாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

துக்கம் அதோடு முடியவில்லை. அண்ணனின் இடத்துக்கு இணைப் போதகராக வந்த ஏ.டி., 1969 ஜூலை 21 அன்று நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். பதினைந்து மாதங்களில் இரண்டு மகன்களும் போய்விட்டார்கள். ஏ.டி.க்கு அப்போது 38 வயது.

அதன் பிறகும் ஆல்பர்ட்டா ஆர்கனை விடவில்லை. 1972 வரை பொறுப்பில் இருந்தார். பொறுப்பிலிருந்து விலகிய பிறகும், அந்த ஜூன் மாத ஞாயிறன்று வாசித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஏன் சுட்டார்?

சுட்டவர் பெயர் மார்கஸ் வேய்ன் செனால்ட். ஒஹாயோ மாகாணத்திலிருந்து வந்த 23 வயது இளைஞர். பலர் நினைப்பதுபோல் வெள்ளை இனவெறியர் இல்லை, அவரும் கறுப்பினத்தவர்தான். கிறிஸ்தவர்கள் எல்லாரும் தன் எதிரிகள், கறுப்பினப் போதகர்கள் தங்கள் மக்களை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியிருந்தது. குறி வைத்தது கிங் சீனியருக்கு. பக்கத்தில் இருந்தவர் ஆல்பர்ட்டா என்பதால் அவரைச் சுட்டதாகச் சொன்னார். சபையின் டீக்கன் ஒருவரும் இறந்தார். இன்னொரு பெண்மணி காயமடைந்தார்.

நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இங்கேதான் கிங் குடும்பம் எடுத்த நிலைப்பாடு முக்கியம். மரண தண்டனையே கூடாது என்பது அவர்கள் கொள்கை. சொந்தத் தாயைக் கொன்றவர் விஷயத்திலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 1995-ல் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதே ஆண்டு செனால்ட் பக்கவாதத்தால் இறந்தார்.

மனைவியையும் இரண்டு மகன்களையும் இழந்த கிங் சீனியர், மகனைக் கொன்றவரையோ மனைவியைக் கொன்றவரையோ தான் வெறுக்கவில்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார். 1984 நவம்பரில் காலமானார். அட்லாண்டாவின் சவுத் வியூ கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெள்ளையர் கல்லறைகளில் மரியாதை மறுக்கப்பட்டதால், 1886-ல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிய இடம் அது.

மகள் கிறிஸ்டின், பாட்டியும் அம்மாவும் படித்த அதே ஸ்பெல்மனில் பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தார். திருமணமான பிறகும்தான். அம்மாவைத் தடுத்த விதி மகளைத் தடுக்கவில்லை. 2023 ஜூன் மாதம், 95 வயதில் அவர் மறைந்தார்.

இன்று என்ன இருக்கிறது?

ஆபர்ன் அவென்யூவின் அந்த வீடும் பழைய எபனேசர் ஆலயமும் இன்று மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகள். சபை 1999-ல் எதிரே உள்ள புதிய ஆலயத்துக்கு மாறிவிட்டது. பழைய ஆலயத்தை, 1960-களில் இருந்த தோற்றத்துக்கே சீரமைத்து 2011-ல் மறுபடி திறந்தார்கள். வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தால், மார்ட்டினின் பிரசங்கங்கள் ஒலிப்பெருக்கியில் கேட்கும்.

பேச்சைப் பதிவு செய்யலாம், அச்சடிக்கலாம், பாடப் புத்தகத்தில் சேர்க்கலாம். மகனுக்கு அது நடந்தது. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்த இசைக்கு அந்த வசதி கிடையாது. பாட்டு முடிந்ததும் சபை எழுந்து வீட்டுக்குப் போய்விடும். அப்படி ஒரு நாற்பது வருட ஞாயிறுகளை ஆல்பர்ட்டா கிங் வாசித்துக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர்தான் அந்த ஒலிப்பெருக்கியில் பேசுகிறார்.